அசையாமல் நிற்க இத்தனை அமர்க்களமா!

டிவியில் ரைஃபிள் ஷூட்டிங் ஃபைனல் ஓடும்போது நம் வீடுகளில் என்ன நடக்கும்? எட்டுப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். அசையவே இல்லை. ‘டப்’ என்று ஒரு சத்தம். மறுபடியும் நிற்கிறார்கள். இரண்டாவது நிமிஷத்தில் அப்பா ரிமோட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த விளையாட்டின் கூத்து, குழப்பம், கண்ணீர், காதல், கல்யாணம் எல்லாமே கேமராவுக்குப் பின்னால்தான் நடக்கின்றன. முன்னால் நமக்குக் காட்டுவது, எல்லாம் ஓய்ந்த பிறகு மிச்சமிருக்கிற அமைதியை மட்டும்!

அதனால் நாம் பின்வாசல் வழியாக உள்ளே போவோம். மொபைலை சைலண்ட்டில் போடுங்கள். ஆச்சு? வாங்க.

10 மீட்டர் ரேஞ்சுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது துப்பாக்கி இல்லை, துணிமணி! மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களின் கிரீன் ரூமுக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான். மேடையில் ஆடப்போவது ஒரு மணி நேரம்; அதற்கு முன்னால் நாடா, ஊசி, பின், ‘இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டு’ என்ற முனகல் என்று எத்தனை நேரம்! இங்கேயும் அதே முனகல்தான். கேன்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த பேன்ட். அட்டை மாதிரி விறைத்த கோட். தட்டையான அடிப்பாகம் கொண்ட பூட்ஸ். இடது கைக்கு ஒரு தடித்த கையுறை. கோட்டின் பட்டன்களைப் போட்டு முடித்துவிட்டால் குனிய முடியாது. ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டால் தொலைந்தது: அத்தனை பட்டனையும் கழற்ற வேண்டும், இல்லை பக்கத்து லேன்காரரிடம் பல்லைக் காட்ட வேண்டும்.

எதற்கு இந்தப் பாடு? நின்று சுடும்போது உடம்பு போடும் கோணலைப் பாருங்கள், புரிந்துவிடும். வலது கைக்காரர் என்றால் இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்திருக்கும். இடுப்பு முன்னால் தள்ளி, முதுகு பின்னால் சாய்ந்து, அதற்கு மேல் ஒரு முறுக்கு வேறு. ஏர் ரைஃபிளின் எடை 5.5 கிலோ வரை இருக்கலாம். அதை ஒன்றேகால் மணி நேரத்தில் 60 முறைக்குக் குறையாமல் தூக்கி, இறக்கி, தூக்கி, இறக்கி... முதுகுத்தண்டு ‘என்னை விட்டுடுங்க’ என்று கதறாமல் இருக்கத்தான் அந்தக் கோட். பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வது இதைத்தான்: எடையை எலும்பு தாங்க வேண்டும், தசை தாங்கக் கூடாது. தசை களைத்துவிடும், நடுங்கும். எலும்புக்குக் களைப்பு கிடையாது.

கோட் விறைப்பாக இருந்தால் ஷூட்டருக்குக் கொண்டாட்டம். உலகத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்புக்கு அதுதான் திண்டாட்டம். ‘இப்படியே விட்டால் இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்’ என்று பயந்து, உபகரணச் சோதனை என்று ஒரு அறையைத் திறந்துவைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த அறை அதுதான்! கோட்டுத் துணி 2.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது. ஒரு கருவியில் விரித்துவைத்து, மேலே ஒரு கிலோ எடையை வைப்பார்கள். துணி குறைந்தது 3 மில்லிமீட்டராவது கீழே அமுங்க வேண்டும். அமுங்கவில்லையா? கோட் ஃபெயில். கையுறை 12 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பூட்ஸின் அடிப்பாகத்தை வளைத்துப் பார்ப்பார்கள், வளைய வேண்டும். உலக சாம்பியன்கள் தங்கள் துணிகளை மடியில் வைத்துக்கொண்டு, பிராக்டிகல் பரீட்சைக்கு வந்த பிளஸ் டூ பிள்ளைகள் முகத்தோடு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். போட்டி முடிந்த பிறகும் திடீர்ச் சோதனை உண்டு. அதில் மாட்டினால் சுட்ட புள்ளிகள் அத்தனையும் காலி.

ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போட்டிக்குப் போகக் கூடாது, ராணுவ உடை மாதிரி பச்சைத் திட்டுப் போட்ட சட்டையும் கூடாது என்று விதிப் புத்தகத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. அந்த பூட்ஸையும் பேன்ட்டையும் போட்டுக்கொண்டு நடந்தால் நடை பென்குவின் நடையாகிவிடும் என்பது உலகறிந்த கேலி. டிவியில் பார்க்கச் சகிக்கவில்லை என்று நினைத்தார்களோ என்னவோ, ‘களத்தில் எல்லோரும் குதிகால் முதலில் ஊன்றி மனுஷர் மாதிரி நடக்க வேண்டும்’ என்று அதற்கும் ஒரு விதி!

சரி, சுடுவது எதை? இந்த வரியில் ‘ம்’ என்ற எழுத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறதே ஒரு புள்ளி, அநேகமாக அந்த அளவு. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர்தான். இலக்கு முழுவதுமே 45.5 மில்லிமீட்டர். பறந்து போகும் ஈயக் குண்டு, அதாவது பெல்லட், 4.5 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் புள்ளியை 4.5 மில்லிமீட்டர் குண்டால் தொடுகிறார்கள். அதுவும் தொட்டால் போதாது. சரியாக நட்டநடுவில் போனால் 10.9, கொஞ்சம் நகர்ந்தால் 10.3, இன்னும் நகர்ந்தால் 9.8 என்று தசமப் புள்ளியில் வட்டிக் கணக்கு மாதிரி எழுதுகிறது மெஷின். பழைய காலத்தில் காகித அட்டையைக் கயிற்றில் இழுத்துக் கொண்டுவந்து பூதக்கண்ணாடியில் எண்ணினார்கள். இப்போது எலெக்ட்ரானிக் இலக்கு. சுட்ட கையோடு பக்கத்துத் திரையில் ஜாதகம் வந்துவிடும்.

இதையெல்லாம் பெரிதாக்கிக் காட்ட துப்பாக்கி மேல் ஒரு டெலஸ்கோப் இருக்கும் என்றுதானே நினைத்தீர்கள்? கிடையாது! சினிமாவில் வில்லன் மொட்டைமாடியில் வைத்திருப்பானே, அதெல்லாம் இங்கே செல்லாது. கண்ணருகே ஊசித்துளை மாதிரி ஒரு ஓட்டை, குழல் நுனியில் ஒரு வளையம், அவ்வளவுதான். ஓட்டை வழியாக வளையத்தைப் பார்க்க வேண்டும், வளையத்துக்குள் தூரத்துக் கறுப்பு வட்டம் நடுவாக உட்கார வேண்டும். மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று. மற்ற கண்ணை மூடுவதில்லை, மூடினால் முகம் இறுகும். ஒரு சின்னத் தடுப்பை வைத்து மறைத்துவிட்டு, இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருப்பார்கள்.

இனி வரப்போவதுதான் ரகசியங்களின் ராணி. ரைஃபிளைத் தூக்கி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, குறி பார்த்ததும் ஷூட்டர் என்ன செய்வார் தெரியுமா? கண்ணை மூடிக்கொள்வார்! இரண்டு மூச்சு. பிறகு திறந்து பார்ப்பார். வளையம் இலக்கிலேயே நின்றால் உடம்பு சரியான இடத்தில் இருக்கிறது. இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கியிருந்தால் கையால் துப்பாக்கியை நகர்த்தக் கூடாது. காலை ஒரு நூல் நகர்த்துவார். கையால் திருத்தினால் அது பொய்க்குறி. ட்ரிகரை அழுத்தும் நொடியில் உடம்பு தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அதனால்தான் ரேஞ்சில் கூர்ந்து பார்த்தால் ஷூட்டர்கள் ஏதோ கோலத்தின் மேல் மிதிக்காமல் நிற்கிறவர்கள் போலப் பாதத்தை அணு அணுவாகத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள்.

அப்புறம் மூச்சு. உள்ளே இழுத்து, பாதி விட்டு, நிறுத்துவது. அந்த ஆறேழு நொடிக்குள் குண்டு போக வேண்டும். தாண்டினால் கண்ணுக்குப் பிராணவாயு குறைந்து, வட்டம் மங்க ஆரம்பிக்கும், மனசு ‘சுட்டுத் தொலை’ என்று நச்சரிக்கும். நல்ல ஷூட்டர் அப்போது சுட மாட்டார். இறக்கி வைத்துவிடுவார். தகுதிச் சுற்றில் 60 குண்டுக்கு 75 நிமிஷம். ஒரு குண்டுக்கு 75 நொடி வருகிறது. அதற்குள் தூக்கியதை வேண்டாம் என்று இறக்கி, மூச்சுவிட்டு, மறுபடி தூக்க அவகாசம் உண்டு. சுடாமல் இறக்கத் தெரிவதுதான் இந்த வித்தையின் பாதி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சுடாத குண்டுக்கு எந்த டிவி ரீப்ளே போடும்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். ரேஞ்சில் ஒரு நாளைக்கு எத்தனை நேரம்தான் இருக்க முடியும்? மிச்சப் பயிற்சி வீட்டில்தான். பெல்லட் போடாமல் வெறுமனே குறி பார்த்து ட்ரிகரை அழுத்துவது. ‘ட்ரை ஃபயரிங்’ என்பார்கள். ஹால் சுவரில் ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டினால் போதும். தி.நகர் ஃபிளாட்டில் 10 மீட்டருக்கு எங்கே போவது? சுவர் எவ்வளவு தூரமோ அதற்கேற்பப் பொட்டைச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டியதுதான். சமையலறையில் குக்கர் விசில், கீழே ஆட்டோ ஹாரன், எதிர்வீட்டில் மெகா சீரியல், நடுவில் ‘துப்பாக்கியை வெச்சுட்டு வந்து சாப்பிடும்மா’ என்று அம்மா. இதற்கெல்லாம் அசையாத பிள்ளைதான் ஃபைனலுக்கு லாயக்கு! ஏனென்றால் ஃபைனலில் மௌன விரதம் கிடையாது. பாட்டு போடுவார்கள், கூட்டம் கத்தும், வர்ணனையாளர் மைக்கில் புள்ளிகளைச் சொல்லிக்கொண்டே இருப்பார். குக்கர் விசில் அதற்கு ஒத்திகை.

ஆனால் மயிலாப்பூர்க்காரர் தாங்க முடியாத தியாகம் ஒன்று உண்டு. காபி! படபடப்பு கூடும் என்பதால் போட்டி நாளில் பல ஷூட்டர்கள் காஃபினைத் தொடுவதில்லை. டபரா செட் ஆறிக்கொண்டிருக்க வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டு கிளம்புவதற்குப் பெரிய மனசு வேண்டும். சரி, படபடப்பை மாத்திரையில் அடக்கலாமே என்றால், இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் இந்த விளையாட்டில் ஊக்கமருந்துப் பட்டியலில் இருக்கின்றன. மற்ற விளையாட்டுகளில் வேகமாக ஓடுவதற்காகத் திருட்டுத்தனம் செய்வார்கள். இங்கே நிதானமாக இருப்பதற்காக! ஆகவே நேர்வழிதான்: பெசன்ட் நகர் கடற்கரையில் ஓட்டம், நீச்சல், மூச்சுப் பயிற்சி.

காகித வேலை தனி விளையாட்டு. ஏர் ரைஃபிள் மட்டும் கொஞ்சம் சாது. 4.5 மில்லிமீட்டர் அளவும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் என்றால் நம் நாட்டு ஆயுத விதிகளில் லைசென்ஸ் தேவையில்லை. அடுத்த படியான 50 மீட்டர் ரைஃபிளுக்கு ஏறினால், அது நிஜமான பாயிண்ட் டூ டூ தோட்டா. லைசென்ஸ், தோட்டாக் கணக்கு, விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டி விளக்கம் எல்லாம் உண்டு. ஏர் ரைஃபிளின் காற்று சிலிண்டரைக்கூட விமானம் ஏறும் முன் காலி செய்துவிட வேண்டும்.

அந்த 50 மீட்டரில்தான் சென்னை ஒரு அட்டகாசம் செய்தது. நகரத்துக்கே அது சரியாகத் தெரியாது என்பது என் நெடுநாள் ஆதங்கம். உன்னிகிருஷ்ணன் என்று சொல்லுங்கள், மயிலாப்பூர் முழுக்கப் பாடகர் நினைவில் தலையாட்டும். ரூபா உன்னிகிருஷ்ணன் என்று சொல்லுங்கள். யார்? எந்தக் கச்சேரி?

கச்சேரி நடந்தது மலேசியாவில்! 1998, கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி. துப்பாக்கி சுடுதலை மட்டும் லங்காவி தீவில் வைத்திருந்தார்கள். பெண்களுக்கான 50 மீட்டர் ரைஃபிள், படுத்துச் சுடும் பிரிவு. நம் சென்னையில் பிறந்து, நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கும் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் வரலாறு படித்த பெண் தங்கம் வாங்கினார். 600-க்கு 590. அதாவது 60 குண்டில் இழந்தது மொத்தம் பத்தே புள்ளி. அடுத்த வருஷம் அர்ஜுனா விருது.

படுத்துக்கொண்டு சுடுவதுதானே, சொகுசுதானே என்று நினைக்க வேண்டாம். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. விவரம் கேட்கக் கேட்க முழங்கை வலித்தது. பாயில் கவிழ்ந்து படுத்து, இடது முழங்கையை ஊன்றி, மேல்கையில் ஒரு பட்டையை மாட்டி அதைத் துப்பாக்கியோடு இழுத்துக் கட்டிக்கொள்கிறார்கள். ‘ஸ்லிங்’ என்று பெயர். துப்பாக்கியைத் தாங்குவது கை இல்லை, அந்தப் பட்டை. தளர்வாகக் கட்டினால் குழல் தொங்கும். இறுக்கிக் கட்டினால் இன்னும் பெரிய வில்லங்கம்: கையில் ஓடும் நாடித் துடிப்பு அப்படியே துப்பாக்கிக்கு ஏறி, குழல் நுனி டிக் டிக் என்று குதிக்கும்! தன் இதயம் துடிப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு, அதற்கு நடுவில் சுட வேண்டும். வயிறு தரையில் அழுந்தினால் துடிப்பு கூடும் என்பதால் வலது முழங்காலை மடக்கி உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வார்கள். இப்படியே 60 குண்டு.

அதற்கு மேல் காற்று. 50 மீட்டர் ரேஞ்ச் திறந்தவெளி. இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் 50 மீட்டர் நடக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? தோட்டாவுக்கு ஒரு நொடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அந்தக் கண்சிமிட்டும் நேரத்துக்குள் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். வழியெங்கும் சின்னச் சின்னக் கொடிகள் நட்டிருக்கும். கொடி எந்தப் பக்கம் ஆடுகிறது, எவ்வளவு ஆடுகிறது, அடுத்த கொடியும் அதையே சொல்கிறதா என்று பார்த்துத்தான் ட்ரிகர். வெயில் ஏறினால் தரையிலிருந்து எழும்பும் அனல் இலக்கையே நெளிய வைக்கும். மதியம் கடல்காற்று திரும்பும் நேரம் தெரிந்த சென்னைக்காரருக்கு இது கொஞ்சம் ரத்தத்தில் இருக்குமோ என்று எனக்கு ஒரு ஆசை. ஆதாரம் கேட்காதீர்கள்.

ரூபாவின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி, அவர் துப்பாக்கியை மட்டும் கட்டிக்கொண்டு அழவில்லை என்பதுதான். எதிராஜ் கல்லூரியில் முதுகலை. 1995-ல் ரோட்ஸ் உதவித்தொகை. ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரி. அங்கேயும் ரைஃபிளை விடாமல் பல்கலைக்கழகத்துக்காகச் சுட்டார். லங்காவி தங்கம் வந்தது அதற்கும் பிறகு! பிற்பாடு நியூயார்க்கில் பெரிய நிறுவனங்களின் வியூக ஆலோசகராகி, வேலை வாழ்க்கையைப் பற்றி 2017-ல் ஒரு புத்தகமும் எழுதினார். ஒரு காலத்தில் 29சி பஸ்ஸில் லஸ், அடையாறு என்று கல்லூரிப் பெண்கள் தொற்றிக்கொண்டு போன அதே தலைமுறை. செஸ்ஸுக்கு ஆனந்த் என்று ஆட்டோ ஓட்டுநர்கூடச் சொல்லும் இந்த ஊரில், ரைஃபிளுக்கு ரூபா என்று ஒரு சுவரிலாவது எழுதி வைத்திருக்கலாம்.

இன்னொரு கிசுகிசு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் எந்த ஊரில் பிறந்தவர் என்று நினைக்கிறீர்கள்? சென்னை! 1983-ல் இங்கே பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர். அவர் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் வளர்ந்தவர்தான் இளவேனில் வாலறிவன். இவர் 1999-ல் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தார். பிறப்பது நம் ஊர், வளர்வது வேறு ஊர் என்று இவர்களுக்குள் ஏதோ ஒப்பந்தம் போலிருக்கிறது!

இளவேனிலின் பதக்கப் பெட்டியைத் திறந்தால் மூட நேரமாகும். 2018-ல் சிட்னி ஜூனியர் உலகக் கோப்பைத் தங்கம். 2019-ல் ரியோ உலகக் கோப்பைத் தங்கம், அதே வருஷம் சீனாவின் புதியானில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலும் தங்கம், உலகின் முதலிடம். 2023-ல் மறுபடியும் அதே ரியோ, மறுபடியும் தங்கம். 2025-ல் கஜகஸ்தானின் ஷிம்கென்ட்டில் ஆசிய சாம்பியன், அந்த வருஷக் கடைசியில் கெய்ரோ உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். நடுவில் இரண்டு ஒலிம்பிக் இருந்தன. டோக்கியோவில் 626.5 புள்ளி, 16-வது இடம். பாரிஸில் 630.7 புள்ளி, 10-வது இடம். ஃபைனலுக்கு எட்டுப் பேர்தான். 630.7 என்றால் 60 குண்டுக்குச் சராசரி 10.5-க்கும் மேல்! ஒவ்வொரு குண்டும் அந்த ‘ம்’ புள்ளியைத் தொட்டுவிட்டு, அதற்கும் மேலே அரைப் புள்ளி. அப்படியும் பத்தாவது இடம். இந்த விளையாட்டின் கொடுமையை இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. தமிழ்நாட்டின் நர்மதா நிதின் 2023-ல் கெய்ரோ உலகக் கோப்பையில் ருத்ராங்க்ஷ் பாட்டீலோடு சேர்ந்து கலப்பு அணித் தங்கம் வாங்கியதையும் இந்த இடத்தில் போட்டுவைக்கிறேன்.

ஒலிம்பிக் என்றதும் அபினவ் பிந்த்ரா ஞாபகம் வராமல் இருக்குமா? 2008 பெய்ஜிங், கடைசி குண்டு 10.8, இந்தியாவின் முதல் தனிநபர் தங்கம். அதற்கு முன்னால் மனுஷர் செய்த காரியங்கள்தான் நமக்கு வேண்டியவை. கவனம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு யாக் பால் குடித்துப் பார்த்தார். பெய்ஜிங் அரங்கம் பெரியதாக இருக்கும் என்று தெரிந்ததும், பெரிய கூடத்துக்குக் கண் பழக வேண்டுமே என்று கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, அதில் நின்று சுட்டார்! தி.நகரில் முகூர்த்த நாளில் மண்டபம் கேட்டு அலைகிறவர்கள் ஒரு நிமிஷம் இந்தக் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். மாப்பிள்ளை அழைப்பு இல்லை, நாதஸ்வரம் இல்லை. ஒருத்தர், ஒரு ரைஃபிள், தூரத்தில் ஒரு பொட்டு.

சென்னையின் பழைய ரைஃபிள் கிளப் எழும்பூரில், பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. அந்த ‘பழைய’ என்ற ஒரு சொல்லை விட்டதால் நடந்த கூத்தைத் தமிழ்நாடே பார்த்தது. 2021 பிப்ரவரியில் நடிகர் அஜித் பயிற்சிக்காகக் கால் டாக்ஸியில் கிளம்ப, வண்டி நேரே வேப்பேரியில் இருக்கும் புதிய கமிஷனர் அலுவலகத்தில் போய் நின்றுவிட்டது! போலீஸ்காரர்கள் சூழ்ந்து போட்டோ எடுத்துக்கொண்டதுதான் மிச்சம். அடுத்த மாதமே மாநிலப் போட்டியில் ஆறு பதக்கம். அவர் பிஸ்டல்காரர், நம் ரைஃபிள் ஜாதி இல்லை. ஆனாலும் ரேஞ்ச் எங்கே இருக்கிறது என்று ஊருக்கே வழி காட்டியவர் அவர்தான்.

காதல், கல்யாணம் என்று ஆரம்பத்தில் ஆசை காட்டினேனே, மறக்கவில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக். 50 மீட்டர், மூன்று நிலைப் பிரிவு. அமெரிக்காவின் மேத்யூ எமன்ஸ் முன்னிலை. கடைசி குண்டு. 7.2 எடுத்தால் போதும், தங்கம். எமன்ஸ் மாதிரி ஆளுக்கு 7.2 என்பது தூக்கத்தில் வருவது. சுட்டார். திரையில் ஒன்றுமே வரவில்லை. அவர் சுட்டது பக்கத்து லேன்காரரின் இலக்கை! புள்ளி பூஜ்யம், எட்டாவது இடம். அன்று அவர் மனசு ஒடிந்து உட்கார்ந்திருந்தபோது ஆறுதல் சொல்ல வந்தார் ஒரு பெண்: செக் நாட்டு ஷூட்டர் கேதரீனா குர்கோவா. 2007-ல் இருவருக்கும் கல்யாணம். 2008 பெய்ஜிங்கில் முழு ஒலிம்பிக்கின் முதல் தங்கமே கேதரீனாவுடையது. கணவர்? அதே மூன்று நிலைப் பிரிவு, அதே முன்னிலை, அதே கடைசி குண்டு. இந்தத் தடவை இலக்கு சரி, ஆனால் ட்ரிகர் கொஞ்சம் முந்திவிட்டது. 4.4. பதக்கமே இல்லை. சினிமாவில் இப்படி எழுதினால் ‘நம்ப முடியலைப்பா’ என்று தயாரிப்பாளர் கதையைத் தூக்கிப் போட்டிருப்பார். 2012-ல் லண்டனில் அதே பிரிவில் வெண்கலம் வாங்கித்தான் மனுஷர் மூச்சுவிட்டார்.

இவ்வளவும் பார்த்தாயிற்று. அடுத்த தடவை ஃபைனல் வரும்போது அப்பாவிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்கி ஒளித்துவையுங்கள். மொத்தம் 24 குண்டு. முதல் பத்து, ஐந்து ஐந்தாகப் போகும். அதற்குள் டீ போட்டுக்கொண்டு வந்துவிடலாம். அதன் பிறகு ஒவ்வொரு குண்டுக்கும் 50 நொடி. 12-வது குண்டு முடிந்ததும் கடைசி இடத்துக்காரர் வெளியே, பிறகு இரண்டு குண்டுக்கு ஒருத்தர் என்று உதிர்ந்துகொண்டே வருவார்கள். இலக்கைப் பார்க்காதீர்கள், பாதத்தைப் பாருங்கள். நூலளவு திரும்புவது தெரியும். கண்ணைப் பாருங்கள், மூடித் திறப்பார். நொடிகள் 20, 15 என்று ஓடும்போது யாராவது சுடாமல் ரைஃபிளைக் கீழே இறக்கினால், ‘ஐயோ, பயந்துட்டாளே’ என்று அம்மா சொல்வார். நீங்கள் விசில் அடியுங்கள்!